தாயைக் குற்றம் சொல்லுமுன்...

 

குழந்தைகளுக்குப் பெயர் சூட்டுவதைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர் நான்கு பக்கங்களில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரைப் பற்றியதன்று அக்கடிதம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத தம் மகளைப் பற்றியது. குழந்தைக்கு வயது ஒன்றே கால். ஒன்பது மாதம் கடந்த பிறகுதான் உட்கார்ந்தாளாம். இன்னும் ஒரு சொல்லும் வாயிலிருந்து வரவில்லையாம். குழந்தை வயிற்றிலிருந்த மூன்றாம் மாதத்தில் அச்சகோதரிக்கு இரண்டு மூன்று நாள்கள் இலேசான காய்ச்சலும், உடம்பில் செந்நிறத் தடிப்பும் இருந்தனவாம். எவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இப்போது வீட்டில் அதையும் மறந்துவிட்டு வேறு காரணம் சொல்கிறார்கள். "மசக்கையைச் சாக்கிட்டு ரமலான் நோன்பை விட்டாளல்லவா, அதன் பலன்" என்கிறாராம் மாமியார். "கிரகண நேரத்தில் முற்றத்தில் நின்றாள்" என்கிறாராம் நாத்தனார். கணவரோ வெளிநாட்டில் இருக்கிறார். "தானாகப் பேசும், பொறுத்திரு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாராம். "ஜீகா என்றொரு காய்ச்சல் இருக்கிறதாமே, அதுவா? அல்லது நான் செய்த பாவமா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரியே, நான் மருத்துவன் அல்லேன். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். எனவே முதலில் எனக்குத் தெரிந்த துறையிலிருந்து பதில் சொல்லிவிடுகிறேன். தனக்கோ தன் சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணி நோன்பை விடுவதற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. அதை எப்போது, எவ்வாறு ஈடு செய்வது என்பதில்தான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறதே தவிர, சலுகையில் இல்லை. இறைவன் தந்த சலுகையை ஏற்றதற்காக அவனே தண்டிப்பான் என்று எண்ணுவது அவனைப் பற்றிய தவறான எண்ணமாகும். கிரகணத்தைப் பொறுத்தவரை, பெருமானார் (ஸல்) அவர்களின் செல்வ மகனார் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசிய மக்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உடனே திருத்தினார்கள். தம் சொந்தத் துயரத்திற்கு வானமே சாட்சி சொல்வதாக மக்கள் நம்பியபோதுகூட, அந்த நம்பிக்கையை அவர்கள் வளரவிடவில்லை. அப்படியிருக்க, நம் வீட்டு முற்றத்தில் நின்ற ஒரு பெண்ணின் மீது கிரகணப் பழியைச் சுமத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மருத்துவப் பகுதிக்கு வருவோம். நீங்கள் பெயர் குறிப்பிட்டுக் கேட்ட ஜீகாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதில் உங்கள் வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

உகாண்டா நாட்டில் எண்டெபி நகருக்கு அருகே ஜீகா என்றொரு காடு உண்டு. மஞ்சள் காய்ச்சலைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தோர் 1947ஆம் ஆண்டில் அங்கே கூண்டில் வைத்திருந்த ஒரு குரங்கின் இரத்தத்திலிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். காட்டின் பெயரையே அதற்கு இட்டனர். அதன்பின் அறுபது ஆண்டுகள் அது எவருக்கும் பெரிய தொல்லை தரவில்லை. 2007இல் பசிபிக் கடலிலுள்ள யாப் தீவிலும், 2013இல் பிரெஞ்சுப் பொலினீசியாவிலும் பரவியது. நோயுற்றவர்களில் ஐவரில் ஒருவருக்குத்தான் அறிகுறியே தோன்றும். தோன்றினாலும் இலேசான காய்ச்சல், தடிப்பு, கண் சிவத்தல், மூட்டு வலி என ஒரு வாரத்தில் நீங்கிவிடும். டெங்குவைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு நோயாகவே தோன்றாது. அதனால்தான் 2015இல் பிரேசில் நாட்டில் இது பரவத் தொடங்கியபோது அங்கே எவரும் அஞ்சவில்லை.

அந்நாட்டின் வடகிழக்கில் பெர்னம்புகோ என்றொரு மாநிலம். அதன் தலைநகர் ரெசிஃபி. வறட்சியும் வறுமையும் மிகுந்த வட்டாரம் அது. குழாயில் என்று நீர் வரும் என்பது தெரியாமையால் ஏழைகள் தொட்டியிலும் பீப்பாயிலும் நீரைச் சேமித்து வைக்கின்றனர். நம்மூர்க் கதையைப் போலவே இருக்கிறதல்லவா? அந்தத் தேங்கிய நன்னீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் அதே கொசு, பகலில் கடிக்கும் கொசு, ஜீகாவையும் பரப்புகிறது.

2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரெசிஃபி நகரின் குழந்தை நரம்பியல் மருத்துவர் வனெஸ்ஸா வான் டெர் லிண்டன் அம்மையார், மிகச் சிறிய தலையுடன் பிறக்கும் குழந்தைகள் திடீரெனப் பெருகியிருப்பதைக் கவனித்தார். அவருடைய அன்னையாரும் அதே துறை மருத்துவர். அவரும் அத்தகைய குழந்தைகளைக் கண்டிருந்தார். இதற்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படும் தொற்றுகளுக்கெல்லாம் பரிசோதனை நடந்தது. எதுவும் அகப்படவில்லை. பிறகு தாய்மார்களிடம் கேட்டார்கள். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் உடம்பில் தடிப்பு வந்ததாகப் பலர் சொன்னார்கள். பக்கத்து மாநிலமான பரைபாவில், கம்பினா கிராண்டே நகரின் மருத்துவர் அட்ரியானா மெலோ அம்மையார் இரண்டு கர்ப்பிணிகளின் பனிக்குட நீரைச் சோதனைக்கு அனுப்பினார். நவம்பர் மாதம் முடிவு வந்தது. இரண்டிலும் ஜீகா வைரஸ் இருந்தது. அம்மாதமே பிரேசில் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. 2016 பிப்ரவரி முதல் நாளன்று உலக சுகாதார நிறுவனமும் உலகளாவிய அவசர நிலையை அறிவித்தது.

இதில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. ஆய்வுக்கூடம் பின்னர்தான் வந்தது. முதல் சாட்சியம் தாய்மார்களின் வாய்மொழி. இதற்கு எழுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் இப்படித்தான் நடந்தது. 1941இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம், பிறவியிலேயே கண்ணில் புரை விழுந்த குழந்தைகள் அடுத்தடுத்து வந்தனர். கர்ப்பத்தின்போது தங்களுக்கு ருபெல்லா என்ற தட்டம்மை வகைக் காய்ச்சல் வந்ததாகத் தாய்மார்கள் பேசிக்கொண்டதை அவர் காதுகொடுத்துக் கேட்டார். அவர் வெளியிட்ட 78 குழந்தைகளின் கணக்கில் 68 பேரின் தாய்மார்களுக்கு அக்காய்ச்சல் வந்திருந்தது. முதலில் மருத்துவ உலகம் அவரை முழுமையாக நம்பவில்லை. 1964-65இல் அமெரிக்காவில் ருபெல்லா கொள்ளை நோயாகப் பரவி, ஏறத்தாழ 20,000 குழந்தைகள் காது, கண், இருதயம் ஆகியவற்றில் குறைகளோடு பிறந்தபோது நம்பாமலிருக்க முடியவில்லை. மாமியும் நாத்தனாரும் அச்சகோதரியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "என்ன பாவம் செய்தாய்?" என்பதன்று. "அந்த மூன்று மாதங்களில் உன் உடம்புக்கு என்ன நேர்ந்தது?" என்பதே.

அந்த வைரஸ் செய்வது என்ன? நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைந்ததும், மூளையின் நரம்பணுக்களைப் பிறப்பிக்கும் மூல அணுக்களைத் தேடித் தாக்குகிறது. நாற்றங்காலிலேயே நோய் விழுந்தால் நடவு வயல் எப்படி இருக்கும்? அதுபோல மூளையின் மேற்பரப்பு மெலிகிறது. ஆங்காங்கே சுண்ணாம்புப் படிவுகள் தோன்றுகின்றன. உள்ளே மூளை வளராததால் மண்டையோடும் வளர்வதில்லை. சில குழந்தைகளுக்கு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தலைத்தோல் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். கண்ணின் உட்படலத்தில் தழும்பு, கைகால் மூட்டுகளில் விறைப்பு, சிலருக்குச் செவிக்குறை எனச் சேதம் பலவகைப்படும். முதல் மூன்று மாதங்களில் தொற்றினால் ஆபத்து மிகுதி. எனினும் தொற்று ஏற்பட்ட எல்லாத் தாய்மார்களின் குழந்தைகளுக்கும் இது நேர்வதில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து குழந்தைகளிடம் இதன் பாதிப்புக் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் நலமாகவே பிறக்கிறார்கள். கர்ப்பிணிகள் இதைப் படித்து நிலைகுலைய வேண்டாம் என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிறந்த பிறகு நடப்பதைத்தான் நம் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. தலை சிறுத்த குழந்தையின் படத்தைப் போட்டுவிட்டு எல்லாரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். தாய்மார்கள் போக முடியாதல்லவா?

கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் முதல் மாதங்களில் ஓயாமல் அழுதார்கள். மடியில் போட்டாலும் தோளில் சாய்த்தாலும் அடங்காத அழுகை. பின்பு வலிப்பு வந்தது. பால் குடிக்கத் தெரிந்த குழந்தை, சில மாதங்கள் கழித்து விழுங்கத் தெரியாமல் திணறியது. சிலருக்கு வயிற்றில் குழாய் வைத்து உணவு செலுத்த நேர்ந்தது. பரைபா மாநிலத்தில் ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரையிலான 19 குழந்தைகளைச் சோதித்தபோது, 15 பேருக்குக் கைகால் அசைவில் கடுமையான குறை இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஆறு மாதக் குழந்தை செய்யக்கூடியதைக்கூடச் செய்ய இயலாதவர்களாக இருந்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய குழந்தைகளைக் கணக்கெடுத்து 2022இல் வெளியான ஆய்வொன்று, மூன்று வயதுக்குள் இவர்கள் இறக்கும் விகிதம் மற்றக் குழந்தைகளைவிடப் பதினொரு மடங்கு என்று காட்டியது. இதை எழுதும்போது என் பேனா தயங்குகிறது. ஆனால் மறைத்து எழுதுவது உண்மையாகாது.

இனி, உங்கள் வினாவோடு நேராகத் தொடர்புடைய பகுதியைச் சொல்கிறேன். பிறந்தபோது தலை சரியான அளவில் இருந்த குழந்தைகளின் கதை அது. வான் டெர் லிண்டன் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2016இல் அத்தகைய 13 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஜீகா தொற்றிய குழந்தைகள்தாம், ஆனால் பிறப்பில் தலை சிறுக்கவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அவர்களில் 11 பேருக்குத் தலையின் வளர்ச்சி பின்தங்கிவிட்டது. பிறந்த அன்று நாடா வைத்து அளந்து, சரி என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தால் இவர்களைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

ரியோ டி ஜெனீரோ நகரில் கர்ப்ப காலத்தில் தொற்றுக்கு ஆளான தாய்மார்களின் குழந்தைகள் 216 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். பெரும்பாலோர் தோற்றத்தில் எக்குறையும் இல்லாதவர்கள். ஏழு மாதத்திலிருந்து இரண்டரை வயதுக்கு மேல் வரை சோதித்தபோது, நூற்றுக்கு 31.5 பேரிடம் வளர்ச்சியிலோ பார்வையிலோ கேள்வியிலோ ஏதோ ஒரு பின்னடைவு தெரிந்தது. 2019இல் இம்முடிவு வெளியாயிற்று. எல்லாத் திறன்களிலும் மிகுதியாகப் பின்தங்கியிருந்தது மொழித் திறன்தான். நடக்கும், ஓடும், சிரிக்கும். ஆனால் பேச்சு வராது. இதே ஆய்வில் மறுபக்கமும் உண்டு. தொடக்கத்தில் பின்தங்கியதாகக் கருதப்பட்ட குழந்தைகளில் கணிசமானோர் இரண்டாம் மூன்றாம் வயதில் சமநிலைக்கு வந்துவிட்டனர். முதலில் நன்றாயிருந்தவர்களில் சிலரோ பின்னர் தளர்ந்தனர். ஆகவே ஒருமுறை பார்த்து முடிவு சொல்லும் காரியமன்று இது. மூன்று வயது வரையாவது திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மூன்று வயது என்பதற்குக் காரணமுண்டு. அவ்வயது வரை மூளை ஈரக் களிமண்ணைப் போல் இளகியிருக்கிறது. ஒரு பகுதி கெட்டிருந்தாலும், அதன் வேலையை மற்றொரு பகுதி ஓரளவு பழகிக்கொள்ளும். அதற்குத் தூண்டுதல் வேண்டும். ரெசிஃபியில் உள்ள கண் மருத்துவ அறக்கட்டளை ஒன்று கைக்குழந்தைகளுக்கே மூக்குக் கண்ணாடி மாட்டிற்று. அதுவரை எதையும் பாராதிருந்த குழந்தை தாயின் முகத்தை முதன்முறையாகப் பார்த்துச் சிரித்தது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்த அட்டையை முகத்தருகே அசைத்தல், கிலுகிலுப்பையை இடமும் வலமும் ஆட்டித் தலையைத் திரும்பச் செய்தல், நிமிர்த்தி அமர்த்திக் கெட்டியான கூழை நாவின் நடுவில் வைத்து விழுங்கப் பழக்குதல், குப்புறப் படுக்க வைத்துக் கழுத்தை நிமிர்த்தச் செய்தல் ஆகியவற்றைப் பயிற்சியாளர்கள் தாய்க்குக் கற்றுக்கொடுத்தனர். வாரம் ஒருமுறை பயிற்சியாளர் செய்வதைவிட, தினமும் தாய் செய்வதே பலன் தருமென்று கண்டார்கள். இதெல்லாம் செய்தால் பாதிப்பு மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கடுமையாகத் தாக்கப்பட்ட குழந்தை நடக்காமலே போகலாம். ஆனால் மூச்சுத் திணறாமல் விழுங்குவதும், வாப்பாவின் குரலைக் கேட்டுத் தலையைத் திருப்புவதும் சிறிய காரியங்களா?

அந்தத் தாய்மார்களில் பலர் உள்நாட்டு வறட்சிப் பகுதியினர். நகரிலுள்ள பயிற்சி நிலையத்துக்குச் செல்ல விடியலுக்கு வெகுமுன்பே நகராட்சி வண்டியில் ஏறுவார்கள். வேலையை விட்டவர்கள் பலர். கணவர் விட்டுப் போனவர்களும் பலர். "தேவதைகளின் அன்னையர்" என்ற பெயரில் ரெசிஃபியில் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். கைப்பேசிக் குழுவாகத் தொடங்கிய சங்கம் அது. மருந்துக்கும் சக்கர நாற்காலிக்கும் உதவித் தொகைக்கும் அவர்களே வாதாடினார்கள். 2020இல் வாழ்நாள் உதவித் தொகைக்கு ஒரு சட்டம் வந்தது. பிறகு 2025இல், குடியரசுத் தலைவரின் மறுப்பையும் மீறி நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று 50,000 ரெயால் இழப்பீட்டையும் உயர்ந்த மாதத் தொகையையும் அளித்தது. முதலில் பிறந்த குழந்தைகளுக்கு அப்போது பத்து வயதாகியிருந்தது. அதைக் காணாமலே போய்விட்ட குழந்தைகள் எத்தனையோ பேர்.

இது நிற்க. என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய பிள்ளைகளில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஸீன், ஸாத், ஸே, ஷீன் ஆகிய எழுத்துகள் எல்லாம் அவன் வாயில் ஒன்றுபோலவே வரும். அலிஃப், பே, மீம் சரியாக வரும். எனவே அவன் கவனக்குறைவானவன் என்று முடிவு கட்டினேன். பாடம் முடியும் வரை நிற்க வைத்தேன். ஒருநாள் பிரம்பையும் எடுத்தேன். அவன் அழவில்லை. என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சில மாதங்கள் கழித்து அவனுடைய பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழுவினர், அவனுக்குக் கீச்சொலிகள் கேட்பதில்லை என்று கண்டறிந்தனர். ஸகர ஷகர ஓசைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவன் காதில் விழாத எழுத்தை அவன் எப்படிச் சொல்வான்? அன்று மாலையே அவனுடைய வாப்பாவிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். சிறுவனிடமும் கேட்டேன். அவனுக்கு ஏன் அக்குறை வந்தது என்று எவரும் கண்டறியவில்லை. எட்டு ஆண்டுகளாக வீட்டிலும் பள்ளியிலும் மத்ரஸாவிலும் "மந்தமானவன்" என்றே அவன் பெயரெடுத்திருந்தான். அன்றிலிருந்து புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதுகுப்புறம் நின்று மெல்லிய குரலில் ஒருமுறை அழைத்துப் பார்க்கிறேன். அது மருத்துவச் சோதனையாகாது. ஆனால் பிரம்பை எடுக்குமுன் செய்ய வேண்டியது அதுவாவது இருக்கட்டும் என்றுதான்.

குறையுடைய பிள்ளையைக் கண்டு ஒதுங்கும் குணம் நமக்கு மார்க்கத்திலிருந்து வந்ததன்று. குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கண்ணற்ற தோழர் ஒருவர் வந்து குறுக்கிட்டார். அந்நிகழ்ச்சியின் பேரில் 'அபஸ' என்ற ஓர் அத்தியாயமே இறங்கியதை நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். அத்தோழரான இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பிலால் (ரலி) அவர்களோடு மதீனாப் பள்ளியின் முஅத்தினாக இருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களுடைய பெயரையும் கவனியுங்கள். தாயின் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். பார்வை மறைக்கப்பட்ட பிள்ளையைப் பெற்றதால்தான் அத்தாய்க்கு அப்பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு. வரலாறு அவரைப் பழிக்கவில்லை. மகனோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது.

நம் நாட்டுக்கும் ஜீகா வந்திருக்கிறது. 2017இல் அகமதாபாத்திலும், அவ்வாண்டே நம் தமிழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கண்டறியப்பட்டது. 2018இல் ஜெய்ப்பூரில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. 2021இல் திருவனந்தபுரத்திலும் கான்பூரிலும், 2024இல் புனேயிலும் தோன்றியது. பிரேசிலில் நேர்ந்ததைப் போன்ற பேரலை இங்கே எழவில்லை. எனினும் கொசு இங்கேயும் அதே கொசுதான். இதற்குத் தடுப்பூசி இதுவரை வரவில்லை. வீட்டுத் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கவிழ்ப்பதும், குளிர்ப்பெட்டியின் பின்தட்டில் தேங்கும் நீரை வடிப்பதும், கர்ப்பிணி பகலில் உறங்கும்போதும் கொசுவலை கட்டுவதும்தான் வழி. பள்ளிவாசல் ஹவுளில் மீன் விட்டிருக்கிறோம், நல்லது. கபரஸ்தானின் ஓரத்தில் கிடக்கும் பழைய வாளிகளை யார் பார்க்கிறார்கள்? இன்னொன்றையும் நாகரிகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்நோய் கணவனிடமிருந்து மனைவிக்கும் தொற்றும். நோய் பரவியுள்ள நாட்டிலிருந்து திரும்பும் ஆண் மூன்று மாதங்களும், மனைவி கருவுற்றிருந்தால் பிள்ளைப்பேறு வரையிலும் தக்க பாதுகாப்போடு இருக்க வேண்டுமென்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். கப்பலிலும் அயல்நாட்டிலும் பணிபுரிவோர் நிறைந்த சமுதாயம் நம்முடையது என்பதால் சொல்கிறேன்.

ஆனால் ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் பிறக்கத் தொடங்கியதும், கெட்டுப்போன ருபெல்லாத் தடுப்பூசிதான் காரணம் என்று ஒரு வதந்தி பரவிற்று. கொசுப் புழுவைக் கொல்லும் மருந்துதான் காரணம் என்று மற்றொரு வதந்தி. இரண்டுக்கும் சான்று இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடப்பட்டபோதும் கைப்பேசிகளில் வதந்தி பறந்தது. பிள்ளைப்பேறு இல்லாமல் போய்விடும் என்றுகூடச் சொன்னார்கள். நம்மவர்களில் பலர் அதை நம்பினார்கள். ஜும்ஆ முடிந்து என்னிடம் வந்து கேட்டவர்களும் உண்டு. "போடுங்கள்" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னேன். மிம்பரில் நின்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை.

சகோதரியே, இனி உங்கள் காரியம். மூன்றாம் மாதத்தில் வந்த தடிப்பு ஜீகாவாக இருக்கலாம், ருபெல்லாவாக இருக்கலாம், இரண்டும் அல்லாத வேறெதுவாகவும் இருக்கலாம். இவ்வளவு காலம் கழித்து அதை உறுதியாகக் கண்டறிவது கடினம். குழந்தைக்கு இப்போது வேண்டியது அந்த விடையன்று. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்பதால், முதலில் அவளுடைய காதைச் சோதிக்க வேண்டும். 'பெரா' என்று சொல்லும் சோதனை அது. குழந்தை உறங்கும்போதே செய்வார்கள், வலியில்லை. அடுத்து, கண். பிறகு தலைச் சுற்றளவு. பிறந்தபோது எவ்வளவு இருந்தது என்பது உங்கள் தாய்-சேய் அட்டையில் எழுதியிருக்கலாம். நிறைமாதக் குழந்தைக்கு முப்பத்து நான்கு, முப்பத்தைந்து சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஒரு வயதில் நாற்பத்தைந்தை ஒட்டி வரும். அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மாவட்டத் தலைமையிடத்து அரசு மருத்துவமனைகளில் பிறவிக் குறைகளுக்கும் வளர்ச்சிப் பின்னடைவுக்குமான ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. காது, கண், பேச்சு, கைகால் பயிற்சி எல்லாவற்றையும் ஓரிடத்தில் பார்ப்பார்கள். கட்டணமில்லை. கர்ப்பத்தில் வந்த தடிப்பையும் காய்ச்சலையும், எத்தனையாவது வாரம் என்பதையும் மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

"தானாகப் பேசும்" என்ற உங்கள் கணவரின் சொல் சில குழந்தைகளின் விஷயத்தில் மெய்யாகிவிடும். எந்தக் குழந்தையின் விஷயத்தில் என்பதுதான் சோதிக்காமல் தெரியாது. அவரிடம் இப்பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். ஓதிப் பார்க்க வேண்டுமென்று மாமியார் விரும்பினால், தாராளமாக ஓதட்டும். துஆவுக்குத் தடையில்லை. ஆனால் பேருந்தில் போகும்போது ஓதட்டும். அதாவது, அவரும் உங்களோடு மருத்துவமனைக்கு வரட்டும். தனியே சென்று தனியே கேட்டுத் தனியே அழுதுவிட்டுத் திரும்பும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் மஹல்லா ஜமாஅத்தாரிடமும் சொல்லுங்கள். மாதம் நான்கு முறை போய்வரும் வண்டிச் செலவை பைத்துல்மாலிலிருந்து கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

சோதனை முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், முடிவு எதுவாயினும். கடிதத்தில் குழந்தையின் பெயரைக் குறிப்பிட மறந்துவிட்டீர்கள், அதையும் எழுதுங்கள். மாமியாருக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.